ஊமைத் தட்டு போடாத நாள்

அடுத்த மாதத்திலிருந்து இந்த மேசையில் உட்காரப்போகும் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுதுவதற்கு எனக்கு வயது போதாது. முப்பத்திரண்டு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். இரண்டாவது குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. என் திட்டப்பணியும் இந்த மார்ச்சோடு முடிகிறது. ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த ஆய்வகத்தை விட்டுப் போகிறேன். சாவியையும் பதிவேட்டையும் குளிர்பெட்டியில் இருப்பவற்றின் பட்டியலையும் ஒப்படைத்துவிட்டேன். கரைசல்களைக் கலக்கும் அளவெல்லாம் பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது. அதில் எழுதாத ஒன்று மிச்சமிருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். எழுதாமல் போனால் உங்களில் ஒருவர் அதே தவறைச் செய்யக்கூடும் என்ற பயம்தான் கடைசியில் எழுத வைத்தது.

இங்கே நாம் என்ன செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் மாமியாருக்குச் சொன்னதுபோல ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் செல்களைச் சுற்றி ஒரு புரத வலை இருக்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அது பிடித்து வைத்திருக்கிறது. புற்றுநோய்ச் செல் இடம்பெயர வேண்டுமானால் அந்த வலையை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு அது சில நொதிகளைச் சுரக்கிறது. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். நகர ஆரம்பித்தால்தான் ஆபத்து. எனவே எந்தச் சதைத் துண்டில் இந்தக் கத்தரிக்கோல்கள் வேலை செய்கின்றன என்று பார்க்கிறோம். சதையை அரைத்து, அதன் சாற்றை ஜெலட்டின் கலந்த மெல்லிய தட்டில் ஓட்டி, மறுநாள் நீலச் சாயம் ஏற்றுகிறோம். நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். வெள்ளை என்றால் வெட்டு.

நம் நொதிகளுக்கு உலோகம் வேண்டும். துத்தநாகம் இல்லாமல் அவற்றால் வெட்ட முடியாது. உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்தை ஊற்றி, அதே சாறுகளை இன்னொரு தட்டிலும் ஓட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தட்டு முழுக்க நீலமாகவே வர வேண்டும். அதில் வெள்ளை தெரிந்தால், வெட்டியது நம் நொதி இல்லை, வேறு ஏதோ. எதுவும் பேசாத தட்டு என்பதால் அதற்கு ஊமைத் தட்டு என்று பெயர் வைத்திருந்தோம். முப்பது தடவைக்கு மேல் போட்டிருப்பேன். முப்பது தடவையும் நீலம்தான். ஒருநாள் போடாமல் விட்டேன்.

அந்த வருடம் என் மகளுக்குப் பத்து மாதம். ஓயாத இருமல். பிரைமரி காம்ப்ளக்ஸாக, குழந்தைகளுக்கு வரும் அந்தக் காசநோயாக இருக்குமோ என்று டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அந்தப் படத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நாத்தனார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நாலேகால் பேருந்தைப் பிடித்தால்தான் நான் போய்ப் பால் கொடுக்க முடியும். வேலையில் இருக்கும்போது வீட்டை நினைத்தேன். வீட்டில் இருக்கும்போது குளிர்பெட்டியை மூடினேனா என்று நினைத்தேன்.

பிள்ளையின் துணிகளுக்காகப் புதிதாக ஒரு சலவைத்தூள் வாங்கியிருந்தேன். அப்போதுதான் கடைகளுக்கு வந்த தினுசு. பால் கறை, பருப்புக் கறை, மருந்துக் கறை எதுவானாலும் ஊறவைத்தாலே போய்விடும். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் திரவம் தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கேட்டு எழுதிய தாள் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. கழுவும் வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் அக்கா சாதா சவுக்காரத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். சதை அரைக்கும் கண்ணாடிக் குழாய்களின் உட்புறம் சொரசொரப்பானது; காய்ந்த ரத்தம் அதில் ஒட்டிக்கொண்டு விடாது. நான் வீட்டிலிருந்து ஒரு டப்பா தூளைக் கொண்டுவந்தேன்.

"என்ன மேடம், என் வேலைக்கே வேட்டு வைக்க வந்துட்டீகளா?" என்றார்.

"உங்களுக்கு லேசா இருக்கட்டும்னுதாங்கக்கா."

"லேசாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல தூளே தானாக் கழுவிக்கிரும், நீ அங்குட்டுப் போய் உக்காருன்னு சொல்லிருவீக."

இருவரும் சிரித்தோம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். டப்பாவின் மேல் நொதிகள் கலந்தது என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டு, அதனால்தான் கறை போகிறது என்றும் நினைத்தேன். புரதத்தை வெட்டும் நொதிகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவள் அதற்கு மேல் ஓர் அடிகூட யோசிக்கவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு புதன்கிழமை மூன்று சதைத் துண்டுகள் ஐஸ் குடுவையில் வந்தன. ஊரில் நமக்குத் துண்டுகள் அனுப்பும் அறுவை டாக்டர் ஒரு பெண்ணின் வலது முன்கையிலிருந்து எடுத்தவை. ஒன்று கட்டியின் நடுவிலிருந்து. ஒன்று கட்டியின் ஓரத்திலிருந்து. மூன்றாவது, விலகி முழங்கைப் பக்கமாக எடுத்த நல்ல சதை. இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், வைத்தியத்துக்கு இல்லை என்பது ஏற்பாடு. ஆனால் அந்தத் தடவை டாக்டருக்கே குழப்பம். கட்டியை எடுத்துவிட்டார். முழுக்க எடுபட்டதா இல்லையா என்று மதுரையிலிருந்து வந்த சதைப் பரிசோதனை அறிக்கை தெளிவாகச் சொல்லவில்லை. மிச்சம் இருக்கிறது என்றால் முழங்கைக்கு மேலே கையை எடுக்க வேண்டும். "உங்க தட்டுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்று நம் துறைத் தலைவரிடம் கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை அரைத்தேன். மூன்றாவது துண்டுக்கு எடுத்த குழாய் முதல்நாள் சாயங்காலத்திலிருந்து தூள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. நானே எடுத்து அலசினேன். மூன்று தடவை அலசினேன் என்றுதான் ஞாபகம். இரண்டாகவும் இருக்கலாம். மணி மூன்றரை. காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. ஊமைத் தட்டையும் ஓட்டினால் நாலேகால் பேருந்து போய்விடும். முப்பது தடவை நீலமாக வந்தது இன்றைக்கு மட்டும் மாறவா போகிறது என்று ஒரு தட்டோடு நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயம் ஏற்றி, சனிக்கிழமை காலை அது வெளுத்தபோது, துண்டுக்கு ஒரு கோடாக ஓடிய தட்டில் முதல் கோட்டில் நல்ல வெள்ளை. இரண்டாவதில் லேசான வெள்ளை. மூன்றாவதில், ஒன்றுமே இருக்கக் கூடாத நல்ல சதையில், எல்லாவற்றையும்விடப் பெரிய வெள்ளை. வழக்கமான இடத்துக்குக் கீழே இருந்தது. கீழே இருக்கிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. அதற்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்: உறையிலிருந்து கத்தி வெளியே வந்ததுபோல நொதி முழுதாக விழித்துக்கொண்டிருக்கிறது, உறை போனதால் சிறியதாகிக் கீழே ஓடியிருக்கிறது. புத்தகத்தில் இப்படியும் உண்டு. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவ்வளவு தெளிவான வெள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

துறைத் தலைவர் சாரிடம் காட்டினேன். "ஊமைத் தட்டு?" என்று கேட்டார். "எப்பவும் போல நீலம்தான் சார்" என்றேன். எப்பவும் நீலமாக வருவது உண்மை. அன்றைக்குப் போடவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை நான் சொல்லவில்லை. சார் டாக்டருக்குப் போன் செய்தார். அடுத்த வியாழக்கிழமை கையை எடுப்பது என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண்ணே ஆய்வகத்துக்கு வந்தார். சின்ன ஊர். எந்தச் சதை எங்கே போகிறது என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பெயர் ஜெசிந்தா. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வலது கையில் கட்டு. இடது கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"உங்க மிசின் சொல்லித்தான் கைய எடுக்குறாகளாமே. அத ஒரு தரம் பாத்துட்டுப் போயிருவமேன்னு வந்தேன்."

"மிசின் இல்லைங்க டீச்சர். ஒரு தட்டுதான்."

"தட்டா? காட்டுங்களேன்."

காட்டியிருக்கக் கூடாது. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவதுபோல ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். மூன்றாவது கோட்டில் விரலை வைத்தார்.

"இதுதான் என் கையா?"

"ஆமாங்க."

"எம்புட்டு வெள்ளையா இருக்கு. சாக்பீசு மாதிரி."

அவரே நோட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினார். பக்கம் பக்கமாக இடது கையால் எழுதிய எழுத்துகள். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

"ட வந்துருச்சு மேடம். ப-வும் வந்துருச்சு. இந்த அ இருக்கே, அதுதான் சுழிக்க வர மாட்டேங்குது. பதினோரு வருசமாப் பிள்ளைகள அதுக்காக வெரட்டிருக்கேன். பாவம், எம்புட்டுக் கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது. நேத்து ஒரு பய சொல்றான், டீச்சருக்கு முட்டை போடுங்கன்னு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்லாப் பாத்துட்டீகள்ல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் "பாத்துட்டோம்" என்று சொன்னேன். அவர் போன பிறகு, நல்லாப் பார்த்தோமா என்று தோன்றியது. பயந்த சுபாவக்காரிகளுக்கு இது வழக்கம்தான்: அடுப்பை அணைத்துவிட்டு வந்த பிறகும் அணைத்தோமா என்று தோன்றும். எனக்கு எல்லாவற்றிலும் அப்படித் தோன்றும் என்பதால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளப் பார்த்தேன்.

கைகழுவப் போனேன். பஞ்சவர்ணம் அக்கா தொட்டியடியில் நின்று விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னக்கா இது?"

"எல்லாம் நீக குடுத்த தூளுதான். கறையத் தின்னுட்டு அதுக்குப் பசி அடங்கல. என் கையையும் சேத்துத் திங்கிது."

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

தூள். கழுவும் குழாய். ஊறிய குழாய். மூன்றாவது துண்டு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. அதற்குள் என்னை நானே நம்பவும் பயமாக இருந்தது. உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். புதிய தட்டு செய்ய அரைநாள் ஆகும். அப்போது பையில் இருந்த பிள்ளையின் எக்ஸ்ரே ஞாபகம் வந்தது. எக்ஸ்ரே படத்தின் மேல் பூசியிருப்பதும் ஜெலட்டின்தான். அந்தக் கறுப்பு அதற்குள்தான் இருக்கிறது. ஜெலட்டினைத் தின்னும் எதுவும் அந்தக் கறுப்பையும் கழற்றிவிடும்.

படத்தின் மூலையில், என் மகளின் தோளுக்கு மேலே இருந்த கறுப்பில், மூன்று சொட்டு வைத்தேன். ஒன்று வெறும் தண்ணீர். ஒன்று தூள் கரைத்த தண்ணீர். இன்னொன்று தூள் தண்ணீரோடு உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்து. கதகதப்பான பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து, குழாயடியில் அலசினேன். தண்ணீர் வைத்த இடம் கறுப்பாக இருந்தது. மற்ற இரண்டு இடத்திலும் கறுப்பு வழிந்தோடி, கண்ணாடிபோல இரண்டு ஓட்டைகள். மருந்து போட்டும் நிற்கவில்லை. இது உலோகம் கேட்காத நொதி. ஊமைத் தட்டைப் போட்டிருந்தால் அன்றைக்கே வெள்ளையாக நின்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஊமைத் தட்டு போடாததையும் சேர்த்து. அவர் படத்தை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மிச்சச் சதை இருக்கா?"

"அரிசி மணி அளவு இருக்கு சார். ஒரு தடவைக்குத்தான் வரும்."

"அப்ப அத நாளைக்கு ஓட்டு. வெள்ளிக்கிழமை முடிவு வந்ததும் டாக்டர்கிட்டப் பேசலாம்."

"ஆபரேசன் வியாழக்கிழமை சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர். இருபது ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தை ஒவ்வொரு செங்கல்லாக எழுப்பியவர். "இங்க பாரும்மா. ஒரு தடவை சொன்னது தப்புன்னு போன் பண்ணினா, அடுத்த தடவை நாம சரியாச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. கையில வேற முடிவு இல்லாம என்னன்னு சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாளைக்கே செய்து முடித்தால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைத்து, ஓட்டி, ஊறவைத்து, சாயம் ஏற்றி, சாயம் வெளுக்க எப்படியும் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். நடுவில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. ஏப்ரலில் என் பணி நீட்டிப்புத் தாளில் சார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் நினைவில் இருந்தது. நினைவில் இல்லை என்று சொன்னால் பொய்.

"தெரியாதுன்னு சொல்லுங்க சார்" என்றேன். "தெரியும்னு சொன்னது தப்பு, இப்பத் தெரியாதுன்னு சொல்லுங்க."

சார் படத்தை மேசையில் வைத்தார். பிறகு எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் டாக்டர் வந்ததும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். தண்டனையா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏம்மா," டாக்டரின் குரல் உயர்ந்தது, "போன வாரம் வெள்ளைன்னு சொன்னீங்க. இன்னைக்கு சோப்புத்தூள்னு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

"நாளைக்கு என்ன சொல்வேன்னு தெரியாது சார். போன வாரம் சொன்னத நம்பி வெட்டாதீங்க. இன்னைக்கு அது மட்டும்தான் சொல்ல முடியும்."

"அந்தப் பொண்ணுகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

வியாழக்கிழமை வேண்டாம், திங்கள்வரை பொறுக்கிறேன் என்று வைத்துவிட்டார். மதுரைக்கும், சதைச் சீவல்கள் ஒட்டிய அந்தக் கண்ணாடிச் சில்லுகளை மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை மிச்சச் சதையை அரைத்தேன். பஞ்சவர்ணம் அக்கா குழாய்களைச் சவுக்காரத்தில் கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, கொதிநீரில் எடுத்துத் தந்தார். "பத்துத் தரம் அலசிருக்கேன். நீக எண்ண வேணாம்" என்றார். இரண்டு தட்டு ஓட்டினேன். இரண்டிலும் நான்காவது கோட்டில் வேண்டுமென்றே தூள் தண்ணீரை விட்டேன். நாலேகால் பேருந்து போயிற்று. ஐந்தரைப் பேருந்தில் போனேன். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தாள். மின்சாரம் போகக் கூடாது என்று கொப்புடையம்மனை வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில், முதல் தட்டில் கட்டியின் நடு வெள்ளை. ஓரம் லேசான வெள்ளை. மூன்றாவது கோடு மேலிருந்து கீழ்வரை நீலம். நான்காவதில், போன வாரம் நான் சந்தோஷப்பட்ட அதே இடத்தில், அதே பெரிய வெள்ளை. ஊமைத் தட்டில் மூன்று கோடும் நீலம். தூள் மட்டும் அங்கேயும் வெள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் பேசிய செவ்வாய்க்கிழமை மதியமே பள்ளத்தூருக்கு நானே பேருந்தில் போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று ஜெசிந்தா டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவும் செய்தார்.

"நல்லாப் பாத்துட்டீகளான்னு கேட்டேன்ல? பாத்துட்டோம்னு சொன்னீகள்ல?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுல மூணு நாளாச் சோறு பொங்கல. தெரியுமா?"

தலைகுனிந்து நின்றேன். உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். அவர் திரும்பி "ஏய்!" என்று ஓர் அதட்டு அதட்டினார். சத்தம் நின்றது. என் பக்கம் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

மதுரையிலிருந்தும், வெட்டிய ஓரம் சுத்தம், மிச்சம் இல்லை என்று இரண்டாவது அறிக்கை வந்தது. டாக்டர் கையை எடுக்கவில்லை. மதுரையில் ஒரு மாதம் கதிர்வீச்சு, ஊரார் சொல்லும் கரண்டு, வைத்தார்கள். கட்டு பிரித்த பிறகு ஒருநாள் அவர் ஆய்வகத்துக்கு வந்து அந்த நாற்பது பக்க நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "எனக்கு இனி இது வேணாம்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல நல்ல கதையாக இருந்திருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அவருக்கு நுரையீரலில் நிழல் தெரிந்தது. செல்கள் நாங்கள் பார்ப்பதற்கு முன்பே புறப்பட்டிருக்கலாம். ஓரத்தில் தெரிந்த அந்த லேசான வெள்ளை அதைத்தான் சொன்னதோ என்னவோ. பிறகும் கிளம்பியிருக்கலாம். அவர் மறுபடி ஆய்வகத்துக்கு வந்தார், மெலிந்து, படியேற நின்று நின்று. உட்கார்ந்ததும் கேட்டார்.

"அன்னைக்கே கைய எடுத்திருந்தா இது வந்திருக்காதா மேடம்?"

இல்லை, எடுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவருக்காக அல்ல, எனக்காக. வேப்பமரத்தடியில் "பாத்துட்டோம்னு சொன்னீகள்ல?" என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது.

"தெரியாது டீச்சர்."

"டாக்டர் அதெல்லாம் இல்லைங்கிறாரு. எங்கண்ணன் ஆமாங்குறாரு. நீங்க தெரியாதுங்கிறீக." கொஞ்ச நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. ரெண்டு வருசம் போர்டுல எழுதியாச்சு."

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் இல்லை.

நான் செய்தது சரியா என்று இன்னமும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். பதில் வரவில்லை. இந்த வேலையில் பல நேரம் பதில் வராது. தவறு என்று தெரிந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதற்கு, சரியான ஒன்று கையில் வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வெறும் கையோடு போய்த் தெரியாது என்று சொல்லுங்கள். திட்டு வாங்குவீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். என் நீட்டிப்புத் தாளில் சார் கையெழுத்துப் போட்டார். போடாமலும் இருந்திருக்கலாம். ஊமைத் தட்டை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். இப்படிச் சொல்வது தாய்மாருக்குக் கடுமையாக இருக்கிறதோ என்று இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

தொட்டிக்கு மேலே சவுக்காரம் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்று பஞ்சவர்ணம் அக்கா பார்த்துக்கொள்வார். அவரிடம் வாதம் செய்ய வேண்டாம்.

அலமாரியின் இரண்டாவது தட்டில், பச்சை நோட்டுக்கு அடியில், ஒரு எக்ஸ்ரே படம் இருக்கும். மூலையில் இரண்டு ஓட்டை. என் மகளுக்கு அப்போது ஒன்றும் இல்லைதான், இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அதன் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். இடம் போதவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசிப் பக்கம் முழுக்க இடது கையால் எழுதிய அ. வரிசையாக, கோணலாக. அதன் கீழே, கட்டு பிரித்த பிறகு வலது கையால், சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் டீச்சர் தன்னையே திருத்தியிருக்கிறார்: பத்துக்கு நாலு. இன்னும் முயற்சி தேவை.